கடின நீரும் சொட்டு நீர்ப் பாசனமும்: சுண்ணாம்பு அடைப்பை நீக்குவது எப்படி?

பூவிருந்தவல்லி, திருமழிசை, நேமம், வெள்ளவேடு, திருநின்றவூர் வட்டாரங்களில் வீட்டு மனைகளும் தொழிற்சாலைகளும் நிலத்தை நெருக்கிக்கொண்டு வந்துவிட்டன. ஆயினும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று மல்லிகையும் கத்தரியும் வெண்டையும் பயிரிடும் சிறு விவசாயிகள் இன்றும் இருக்கிறார்கள். ஆள் கிடைப்பதில்லை, கிணற்றிலும் ஆழ்குழாய்க் கிணற்றிலும் தண்ணீர் குறைந்து வருகிறது. இவ்விரண்டு கஷ்டங்களுக்கும் ஏற்றது சொட்டு நீர்ப் பாசனம். நுண்ணீர்ப் பாசனத் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், மற்ற விவசாயிகளுக்கு 75 சதவீதமும் மானியம் வழங்கப்படுகிறது.

ஆனால் சொட்டு நீர் அமைத்த இரண்டு, மூன்று ஆண்டுகளிலேயே சிலர் குழாய்களைச் சுருட்டி மாட்டுக் கொட்டகைப் பரணில் போட்டுவிட்டு, பழையபடி வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். காரணம் கேட்டால், "சொட்டு அடைத்துக்கொண்டது, சரிப்படவில்லை" என்று பதில் வரும். ஒரு முறை மானியம் பெற்ற நிலத்துக்கு மறுபடியும் மானியம் பெற ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆகவே மூன்றாம் ஆண்டில் சுருட்டிய குழாய்க்கு மாற்றுக் குழாய் கைக்காசில்தான் வாங்க வேண்டும். இந்த நஷ்டத்தில் பெரும்பகுதி தவிர்க்கக் கூடியது. அதற்குத் தேவைப்படுவது ஒரு வாளி, பி.எச். தாள் ஒரு கட்டு, இரண்டு லிட்டர் அமிலம், ஒரு நாள் வேலை ஆகியவையே.

வடிகட்டியைக் கழுவியும் அடைத்தது ஏன்?

பல ஆண்டுகளுக்கு முன் நேமத்திற்கு அருகே ஒரு மல்லிகைத் தோட்டத்தைப் பார்வையிட்டேன். வரிசைகளின் தலைப்பில் செடிகள் செழிப்பாக இருந்தன. கடைசியில் இலை வெளுத்து, மொட்டு சிறுத்துக் கிடந்தன. வழக்கம்போல, "வடிகட்டியை ஒழுங்காகக் கழுவுவதில்லை; பராமரிப்புக் குறைவு" என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அந்தப் பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தினமும் கழுவுறேன் சார், திறந்து பாருங்க" என்றார். திறந்து பார்த்தேன். வலை பளிச்சென்று சுத்தமாக இருந்தது.

அப்போது அவருடைய மனைவி, "இந்தத் தண்ணி வெந்நீர் தவலைக்கே வெள்ளை பூசுதுங்க. குழாயை மட்டும் விட்டுடுமா?" என்றார். அடுப்படியில் இருந்த தவலையைச் சாய்த்துக் காட்டினார். அடியிலும் பக்கத்திலும் ஓட்டைப் போல வெண்மையாகப் படிந்திருந்தது. வயலுக்குத் திரும்பி, அடைபட்ட ஒரு சொட்டுவானைப் பிளந்து பார்த்தோம். தவலையில் கண்ட அதே வெள்ளைதான் அதிலும் இருந்தது. நான் எழுதிய குறிப்பை அடித்துவிட்டு, அவரிடம் தவற்றை ஒப்புக்கொண்டேன். அவர் செய்ய வேண்டியதைச் செய்துதான் இருந்தார். ஆனால் வடிகட்டி செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

வடிகட்டி மணலையும் தூசியையும் பாசியையும் நிறுத்தும். நீரில் கரைந்திருக்கும் பொருளை நிறுத்தாது. சர்க்கரை கரைந்த நீரைத் துணியில் வடித்தால் சர்க்கரை துணியில் தங்குமா? அதுபோலவே கரைந்த சுண்ணாம்பும் வடிகட்டியைத் தாண்டிச் சென்று, சொட்டுவானின் நுண்துளையில் போய்ப் படிகிறது.

படிவு உண்டாகும் விதம்

மழை நீர் மண்ணில் இறங்கும்போது மண்ணிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு சிறிதளவு அமிலத் தன்மை பெறுகிறது. அந்த நீர் சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு நிலத்தடியில் தங்குகிறது. இதுவே கடின நீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, குடத்தில் வெள்ளை வளையம் படியும்.

இந்த நீரில் சுண்ணாம்பு, பைகார்பனேட் என்ற வடிவில் கரைந்திருக்கிறது. நீர் சூடேறினாலும், கரியமில வாயு வெளியேறினாலும், நீர் ஆவியானாலும் அது கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிந்துவிடும். தவலையில் நடப்பது இதுதான். சொட்டு நீர்க் குழாயிலும் இம்மூன்றும் நடக்கின்றன. கறுப்புக் குழாய் வெயிலில் காய்கிறது. சொட்டுவானை விட்டு நீர் வெளிவரும்போது அழுத்தம் குறைந்து கரியமில வாயு பிரிகிறது. பாசனம் நின்றபின் துளையில் தங்கிய கடைசிச் சொட்டு அங்கேயே உலர்ந்து, தன் சுண்ணாம்பை விட்டுச் செல்கிறது. சொட்டுவானின் நீர்ப்பாதை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலமே உள்ளது. நாளுக்கு ஒரு மெல்லிய பூச்சு படிந்தாலும் அது அடைபட வெகு காலம் ஆகாது.

இது விவசாயிக்கு மட்டும் உள்ள தொல்லை அன்று. தொழிற்சாலைகளில் நீராவிக் கொதிகலனுக்குள் விடும் நீரை முதலில் மென்மையாக்கிய பிறகே விடுகிறார்கள். குளிர் நாடுகளில் வெந்நீரைக் குழாய்களில் ஓடவிட்டு வீட்டின் எல்லா அறைகளையும் சூடாக்குவார்கள். அந்த நீரிலும் படிவையும் துருவையும் தடுக்கும் மருந்தைக் கலக்கிறார்கள். சுண்ணாம்புப் படிவு வெப்பத்தைக் கடத்தும் திறன் செம்பைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. எனவே படிவு ஏற ஏற எரிபொருள் வீணாகும். அங்கே வீணாவது எரிபொருள். நம் வயலில் வீணாவது தண்ணீரும் விளைச்சலும். நீரைப் பக்குவப்படுத்துவது என்ற பரிகாரம் இரண்டுக்கும் பொது.

முதலில் நீரைச் சோதியுங்கள்

அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசவும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு நீரைப் பிடித்து, காற்று இல்லாமல் நிரப்பி மூடி, அன்றே அல்லது மறுநாளே மண் மற்றும் நீர் பரிசோதனை நிலையத்தில் சேர்க்க வேண்டும். உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலர் அல்லது தோட்டக்கலை அலுவலர் வழியாகவும் அனுப்பலாம். திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை பெறலாம். முடிவில் கவனிக்க வேண்டியவை இவை:

1. கார அமில நிலை, அதாவது பி.எச்.: 7-க்குக் கீழே இருந்தால் அடைப்புக்கு வாய்ப்புக் குறைவு. 7 முதல் 8 வரை நடுத்தரம். 8-க்கு மேல் வாய்ப்பு மிக அதிகம்.

2. பைகார்பனேட்: லிட்டருக்கு 2 மில்லி ஈக்விவலன்ட், அதாவது ஏறத்தாழ 120 மில்லிகிராமுக்கு மேல் இருந்து, பி.எச். 7.5-க்கு மேலும் இருந்தால் சுண்ணாம்புப் படிவை எதிர்பார்க்கலாம்.

3. மொத்தக் கடினத் தன்மை: லிட்டருக்கு 150 முதல் 300 மில்லிகிராம் வரை கடின நீர், 300-க்கு மேல் மிகக் கடின நீர்.

4. இரும்பு: லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் தொல்லை இல்லை, 1.5-க்கு மேல் இருந்தால் கடுமையான அடைப்பு வரும்.

5. கரைந்த உப்புகள்: லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் நல்லது; 2,000-க்கு மேல் அடைப்பு அபாயம் அதிகம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கடின நீர் வேறு, உவர் நீர் வேறு. அமிலம் சுண்ணாம்பு அடைப்பை நீக்கும். நீரின் உவர்ப்பை நீக்காது. வாயில் வைத்தாலே கரிக்கும் நீருக்கு அமிலம் மருந்தாகாது.

அடைப்பு எந்த வகை?

அடைபட்ட சொட்டுவான் ஒன்றைக் கழற்றி அல்லது குழாயை வெட்டிப் பாருங்கள். வெண்மையாகக் கெட்டியாக இருந்து, சுரண்டிய பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்தால் அது சுண்ணாம்பு. பழுப்பு அல்லது செம்மண் நிறமாக இருந்தால் இரும்பு. வழவழப்பாகப் பசை போல இருந்தால் பாசி அல்லது நுண்ணுயிர். விரலில் நறநறவென்று உரசினால் மணல் அல்லது வண்டல். சுண்ணாம்புக்கும் இரும்புக்கும் அமிலம், பசைக்குக் குளோரின், மணலுக்கு வடிகட்டி. மருந்து மாறினால் பயன் இல்லை.

மூன்று நிமிட அளவு

அடைப்பு கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். அமிலம் வேலை செய்ய வேண்டுமானால் அது சொட்டுவானுக்குள் ஓட வேண்டும். முழுவதும் அடைபட்ட துளையில் அமிலமும் நுழையாது. ஆகவே நீர் சிறிது குறையும்போதே கண்டுபிடிப்பது அவசியம்.

மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் மூன்று நிமிடத்தில் 200 மில்லி தர வேண்டும். முதல் வரிசை, மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் உள்ள வரிசை, மூன்றில் இரண்டு பங்குத் தூரத்தில் உள்ள வரிசை, கடைசி வரிசை என நான்கு பக்கக் குழாய்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் தலைப்பு, நடுவில் இரண்டு இடம், கடைசி என நான்கு இடங்களில் டம்ளர் வையுங்கள். கைக்கடிகாரம் பார்த்து மூன்று நிமிடம் பிடித்து, 16 டம்ளர் நீரையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றி அளவுங்கள். 3,200 மில்லி இருக்க வேண்டும். 2,880 மில்லிக்குக் குறைந்தால், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்தால், சிகிச்சை செய்யும் நேரம் வந்துவிட்டது. புதிதாகச் சொட்டு நீர் அமைத்தவர்கள் முதல் வாரத்திலேயே இப்படி அளந்து எழுதி வைத்துக்கொள்வது நலம்.

நீர் குறைந்தவுடன் சுண்ணாம்பைக் குற்றம் சொல்லிவிடவும் வேண்டாம். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தமானிகளைப் பாருங்கள். வேறுபாடு சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோவுக்கு மேல் இருந்தால் வடிகட்டியைக் கழுவிவிட்டு மறுபடியும் அளந்து பார்க்க வேண்டும்.

வாளிச் சோதனை

எவ்வளவு அமிலம் தேவை என்பது கிணற்றுக்குக் கிணறு மாறும். பக்கத்து வயல்காரர் ஊற்றிய அளவை அப்படியே பின்பற்றுவது தவறு. உங்கள் நீரைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் ரசாயனக் கடைகளில் கிடைக்கும். முரியாடிக் ஆசிட் என்றும் சொல்வார்கள். சாதாரணமாக 30 முதல் 35 சதவீத வலு உள்ளதாக இருக்கும். கழிவறை கழுவ விற்கும் நிறமேற்றிய, மணமூட்டிய அமிலம் வேண்டாம். அடர் கந்தக அமிலம் நீரில் கலக்கும்போது கடுமையாகச் சூடேறித் தெறிக்கும்; சிறு விவசாயிகள் அதைக் கையாளாமல் இருப்பதே பாதுகாப்பு.

பிளாஸ்டிக் வாளியில் 20 லிட்டர் கிணற்று நீர் எடுங்கள். ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சினால் இரண்டு இரண்டு மில்லியாக அமிலம் விட்டு, மரக்குச்சியால் கலக்கி, ஒவ்வொரு முறையும் பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். முதலில் பி.எச். மெதுவாகவே இறங்கும். 6-க்குக் கீழே வந்தபின் வேகமாக இறங்கும். அப்போது ஒரு மில்லி, அரை மில்லி என்று குறைத்து விட வேண்டும். பி.எச். 4 காட்டியவுடன் நிறுத்தி, மொத்தம் எத்தனை மில்லி விட்டீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு போடும் முறை

ஒரு ஏக்கர் குண்டுமல்லியை எடுத்துக்கொள்வோம். ஒன்றேகால் மீட்டருக்கு ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 2,560 செடிகள். செடிக்கு ஒரு 4 லிட்டர் சொட்டுவான் எனில் மணிக்கு 10,240 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 லிட்டர் நீர் ஓடும்.

வாளிச் சோதனையில் 20 லிட்டருக்கு 12 மில்லி அமிலம் செலவானது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 0.6 மில்லி. அமிலம் கடைசிச் சொட்டுவான் வரை சென்று சேரவும், அங்கே சிறிது நேரம் ஓடவும் 20 நிமிடம் செலுத்துவதாகக் கொண்டால், 170-ஐ 20-ஆல் பெருக்க 3,400 லிட்டர் நீர். அதை 0.6-ஆல் பெருக்க 2,040 மில்லி. ஆக, ஏறத்தாழ 2 லிட்டர் அமிலம் போதும். வயலை இரண்டு வால்வுகளாகப் பிரித்துப் பாய்ச்சுபவர்கள் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே கணக்கிட்டுத் தனித்தனியே செலுத்த வேண்டும். வாளிச் சோதனைக்கு எடுத்த அதே கேனில் உள்ள அமிலத்தையே பயன்படுத்துங்கள். வேறு கேனின் வலு வேறாக இருக்கலாம்.

சிகிச்சை செய்யும் முறை

1. முந்திய நாளே வடிகட்டியைக் கழுவி, துணைக் குழாய்களின் கடைசி வால்வையும், பக்கக் குழாய்களின் முனை மூடிகளையும் நாலைந்தாகத் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை ஓட விடவும்.

2. பிளாஸ்டிக் தொட்டியில் முதலில் 18 லிட்டர் தண்ணீர் ஊற்றவும். அதன்மேல் 2 லிட்டர் அமிலத்தை மெதுவாக, சுவரோரமாக ஊற்றவும். அமிலத்தின்மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது.

3. மோட்டாரை ஓடவிட்டு, வழக்கமான அழுத்தம் வந்தபின், வெஞ்சுரி வழியாகக் கரைசலை உறிஞ்ச விடவும். 20 லிட்டரும் 20 நிமிடத்தில் தீரும்படி வால்வைத் திருகிச் சரிசெய்யவும். அமிலம் இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். ஆகவே மோட்டாரும் இரும்பு வடிகட்டியும் அமிலம் செலுத்தும் இடத்துக்கு முன்பாகவே இருக்க வேண்டும்.

4. வயலின் கடைக்கோடியில் ஒருவர் பி.எச். தாளுடன் நிற்க வேண்டும். கடைசிச் சொட்டுவானில் தாள் 4 காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். காட்டாவிட்டால் படிவு அமிலத்தைத் தின்றுவிட்டது என்று பொருள். இன்னொரு நாள் மறுபடியும் செய்ய வேண்டும். அவசரப்பட்டு அமிலத்தின் அளவை அன்றே கூட்டக் கூடாது.

5. கரைசல் தீர்ந்தவுடன் மோட்டாரை நிறுத்தி, வால்வுகளை மூடி, 24 மணி நேரம் குழாயிலேயே ஊற விடவும்.

6. மறுநாள் முதலில் துணைக் குழாய், அதன்பின் பக்கக் குழாய் என்ற வரிசையில் முனைகளைத் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை அலசவும். பெயர்ந்து வந்த சுண்ணாம்புத் துணுக்குகள் முனை வழியாக வெளியேற வேண்டும். இதைச் செய்யாமல் பாசனம் தொடங்கினால், அவை சொட்டுவானில் போய் அடைத்து, சிகிச்சை செய்யாமல் இருந்ததே மேல் என்று ஆகிவிடும்.

7. மறுபடியும் 16 இடங்களில் அளந்து, முன்பு எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.

"செடி கருகிவிடாதா?" என்று பல விவசாயிகள் கேட்கிறார்கள். 20 நிமிடத்தில் ஒரு செடிக்குச் சேரும் நீர் ஒன்றேகால் லிட்டர் சொச்சம்தான். சுண்ணாம்பு உள்ள மண் அதை உடனே சமன் செய்துவிடும். மறுநாள் அலசலும் பாசனமும் தொடர்கின்றன. வேரூன்றிய செடிக்குக் கெடுதல் இல்லை. ஆனால் புதிதாக நட்ட நாற்றுகள் உள்ள வயலில் வேர் பிடிக்கும்வரை இதைச் செய்ய வேண்டாம்.

முழுவதும் அடைபட்டவற்றில், கழற்றிச் செருகும் வகைச் சொட்டுவான்களை 20 லிட்டர் நீருக்கு 1 லிட்டர் அமிலம் வீதம் கலந்த கரைசலில் ஓர் இரவு ஊறவைத்துக் கழுவிப் பயன்படுத்தலாம். உள்ளே ரப்பர் தகடு உள்ள வகைகளை இப்படி ஊறவைக்கக் கூடாது. குழாயோடு சேர்ந்த வகையில் முழுவதும் அடைபட்ட துண்டை வெட்டி, புதுத் துண்டு இணைப்பதே வழி.

உயிருக்குப் பாதுகாப்பு

கண்ணாடி, ரப்பர் கையுறை, காலணி, முழுக்கைச் சட்டை இல்லாமல் அமிலக் கேனைத் திறக்காதீர்கள். மூடிய அறையில் கலக்காதீர்கள். காற்று வீசும் திசைக்கு எதிரே முகம் இல்லாமல் நில்லுங்கள். அருகில் இரண்டு குடம் சுத்தமான நீர் தயாராக இருக்கட்டும். தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே நீர் விட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லவும். மீந்த அமிலத்தைக் குடிநீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் எட்டாத இடத்தில், அதன் சொந்தக் கேனிலேயே பூட்டி வையுங்கள்.

பசை போன்ற அடைப்புக்குக் குளோரின்

பாசியும் நுண்ணுயிரும் உண்டாக்கும் வழவழப்புக்குக் குளோரின் பயன்படும். லிட்டருக்கு 20 மில்லிகிராம் குளோரின் வீதம் அரை மணி நேரம் செலுத்த, மேலே சொன்ன ஒரு ஏக்கருக்கு 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் ஏறத்தாழ 1 லிட்டர் போதும். பிளீச்சிங் பவுடரும் உண்டு. ஆனால் அதிலேயே சுண்ணாம்பு இருப்பதால் கடின நீருக்கு அது அவ்வளவாக ஏற்றதன்று. வேறு வழியில்லாமல் பயன்படுத்தினால் கரைத்துத் தெளியவைத்து, மேல் நீரை மட்டும் துணியில் வடித்து எடுக்கவும்.

முக்கிய எச்சரிக்கை: அமிலமும் குளோரின் மருந்தும் ஒன்றோடொன்று கலந்தால் குளோரின் நச்சு வாயு கிளம்பும். அது உயிரைக் குடிக்கக் கூடியது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே தொட்டியில், ஒரே அலமாரியில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றைச் செலுத்திக் குழாயை நன்கு அலசிய பிறகு, வேறொரு நாளில் மற்றதைச் செய்ய வேண்டும்.

வராமல் காப்பது

உரம் இடுவதிலும் கவனம் தேவை. கடின நீரில் டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் இவற்றைக் கரைத்துச் சொட்டு நீரில் விட்டால், மணிச்சத்தும் சுண்ணாம்பும் சேர்ந்து கரையாத படிவாகும். இவற்றை மண்ணிலேயே அடியுரமாக இடலாம். யூரியாவையும், நீரில் முழுவதும் கரையும் வெள்ளைப் பொட்டாஷையும் தாராளமாகச் சொட்டு நீரில் விடலாம். கால்சியம் நைட்ரேட்டை மணிச்சத்து உரங்களோடு ஒரே தொட்டியில் கலக்கக் கூடாது. உரம் விட்ட பிறகு கடைசிக் கால் மணி நேரம் வெறும் தண்ணீர் ஓட வேண்டும்.

பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை பக்கக் குழாய் முனைகளைத் திறந்து அலசவும். இரும்பு உள்ள நீரை மேலிருந்து தொட்டியில் விழச் செய்து, ஓர் இரவு தங்கவிட்டால் இரும்பு காற்றுப் பட்டு அடியில் படியும். தெளிந்த மேல் நீரைப் பாய்ச்சலாம். மழை நீர் மென்மையானது. ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு லிட்டர் நீர் தரும். கூரை நீரையும் வயலோர நீரையும் வடிகட்டிக் கிணற்றில் சேர்த்தால், கிணறு ஊறுவதோடு நீரின் கடினமும் குறைய வழி உண்டு.

குழாயின்மேல் காந்தம் கட்டினால் போதும் என்று சொல்லி விற்பவர்கள் கிராமங்களுக்கு வருகிறார்கள். அவற்றைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுபோல நல்ல முடிவு காட்டவில்லை. பணம் கொடுக்கும் முன் யோசியுங்கள். வீட்டில் வைக்கும் உப்புப் போடும் மென்நீர்க் கருவியின் நீரையும் பயிருக்கு விடாதீர்கள். அது சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. குழாய்க்கு நல்லது; மண்ணை இறுக்கிக் களராக்கும்.

வீட்டிற்கும் ஒரு வார்த்தை

அதே கிணற்று நீரில்தான் வெந்நீரும் வைக்கிறோம். தண்ணீர் சூடாக்கும் மின்சாரக் கம்பியில் வெள்ளை படிந்தால் மின்சாரம் கூடுதலாகச் செலவாவதோடு கம்பியும் சீக்கிரம் எரிந்துபோகும். மின் இணைப்பை எடுத்துவிட்டு, கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை இரண்டு கரண்டி வெதுவெதுப்பான நீரில் கரைத்து, கம்பியை அதில் ஊறவைத்துக் கழுவினால் படிவு கரைந்துவிடும். வயலுக்கு வாங்கிய அமிலத்தை வீட்டுப் பாத்திரங்களுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

நேமத்துப் பெரியவர் தோட்டத்தில் இரண்டு முறை அமிலச் சிகிச்சை செய்தோம். முழுவதும் அடைபட்டிருந்த சொட்டுவான்கள் சிலவற்றை மாற்ற வேண்டியிருந்தது, மற்றவை திறந்துகொண்டன. அடுத்த பருவத்தில் அவருடைய மனைவியே டம்ளர்களை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக அளக்கத் தொடங்கிவிட்டார். சுவரில் கரிக்கட்டியால் மாதம் போட்டு அளவு எழுதியிருந்ததைக் கண்டேன். அதைவிட நல்ல பதிவேடு எங்கள் அலுவலகத்திலும் இல்லை.

சொட்டு நீர் அமைத்துள்ள விவசாயிகள் இந்த மாதமே நீரைச் சோதித்து, 16 இடங்களில் அளந்து பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறையும்போதே கவனித்தால் செலவு இரண்டு லிட்டர் அமிலத்தோடு முடிந்துவிடும். பாதிக்குமேல் அடைக்கும்வரை விட்டால் புதுக் குழாய்தான் வாங்க வேண்டியிருக்கும். கையில் உள்ள குழாயைக் காப்பாற்றிக்கொள்வதும் ஒரு மகசூல்தான்.